போனைக் கேட்கலாம், மாத்திரையை நிறுத்தலாமா? – இரத்தக் கொதிப்பு உள்ள குடும்பங்களுக்கு ஒரு பாடம்



இன்று பல வீடுகளில் கைபேசி இருக்கிறது. அதில் கேள்வியை எழுதினாலும் வாயால் கேட்டாலும் பதில் சொல்லும் செயலிகள் வந்துவிட்டன. இவற்றைச் 'சாட்பாட்' என்பார்கள். நாம் இங்கே 'பேசும் செயலி' என்று சொல்லுவோம். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் பலர் இதனிடம் யோசனை கேட்கிறார்கள். கேட்பது தவறில்லை. ஆனால் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது, எதைக் கேட்கவே கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்காகவே இந்தப் பாடம்.

1. இரத்தக் கொதிப்பு என்றால் என்ன?

இருதயம் இரத்தத்தைக் குழாய்களுக்குள் தள்ளுகிறது. அப்போது குழாயின் சுவரில் ஏற்படுகிற அழுத்தமே இரத்த அழுத்தம். இதை இரண்டு எண்களாகச் சொல்லுவார்கள். மேல் எண் இருதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம். கீழ் எண் இருதயம் விரியும்போது உள்ள அழுத்தம். வெவ்வேறு நாட்களில் அளந்து பார்த்தும் மேல் எண் 140 அல்லது அதற்கு மேல், அல்லது கீழ் எண் 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது இரத்தக் கொதிப்பு.

இந்த நோய் பெரும்பாலும் சத்தம் போடாது. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை என்பதால் நோய் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. வெளியே தெரியாமலே இது மூளை, இருதயம், சிறுநீரகம், கண் ஆகியவற்றின் இரத்தக் குழாய்களைக் கெடுக்கும். பக்கவாதமும் மாரடைப்பும் பல பேருக்கு இப்படித்தான் வருகின்றன.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2024-ஆம் ஆண்டில் 30 முதல் 79 வயது வரை உள்ளவர்களில் சுமார் 140 கோடிப் பேருக்கு இந்த நோய் இருந்தது. அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. மருந்து இல்லாத நோய் அல்ல இது. அளந்து பார்க்காததும், ஆரம்பித்த மாத்திரையை நடுவில் விட்டுவிடுவதும் முக்கியமான காரணங்கள்.

நம் தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. இத்திட்டத்தின்படி பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து அழுத்தம் பார்க்கிறார்கள், மாத்திரையும் கொடுக்கிறார்கள். மாத்திரை வீட்டுக்கு வந்துவிட்டது. அது வாய்க்குப் போகிறதா என்பதுதான் கேள்வி.

2. பச்சையப்பன் வீட்டில்

பாடம் விளங்குவதற்காக ஒரு கதை சொல்லுகிறோம். பச்சையப்பன் டீக்கடை வைத்திருப்பவர். வயது 52. மனைவி கோவிந்தம்மாள். மகள் செல்வி கல்லூரியில் படிக்கிறாள். ஒருநாள் தன்னார்வலர் வீட்டுக்கு வந்து அளந்தபோது பச்சையப்பனுக்கு 168/102 இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மறுபடி பார்த்தும் குறையவில்லை. டாக்டர் அம்லோடிபின் 5 மில்லிகிராம் மாத்திரை தினம் ஒன்று எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டார். அழுத்தம் 126/80 ஆனது.

அன்று இரவு மகளின் போனை வாங்கி, பேசும் செயலியிடம், "என் பி.பி. 126-க்கு 80. இது நல்லதா?" என்று கேட்டார். "இது நல்ல அளவுதான்" என்று பதில் வந்தது. மறுநாள் முதல் மாத்திரையை நிறுத்திவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கிராம சுகாதார நர்ஸ் வீட்டுக்கு வந்தார்.

நர்ஸ்: அண்ணே, மேலே 172, கீழே 104 காட்டுது. கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்க. இன்னொரு வாட்டி பார்த்துடலாம்.

(இரண்டாம் முறை 170/104 இருந்தது.)

நர்ஸ்: மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?

பச்சையப்பன்: அதான் சரியாயிடுச்சே, நர்ஸம்மா. நிறுத்தி ஒரு மாசம் ஆச்சு.

நர்ஸ்: யார் நிறுத்தச் சொன்னாங்க?

பச்சையப்பன்: யாரும் சொல்லல. போன்ல கேட்டேன். நல்ல அளவுதான்னு சொல்லிச்சு. நல்லாத்தான இருக்குது, அப்புறம் எதுக்கு மாத்திரைன்னு விட்டுட்டேன். எனக்கு ஒரு தலைவலிகூட இல்லீங்க.

கோவிந்தம்மாள்: எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! எங்கப்பாவும் இப்படித்தான், 'எனக்கு ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல'ன்னே சொல்லிட்டு இருந்தாரு. ஒருநாள் காலையில கையும் வாயும் இழுத்துக்கிச்சு. நாலு வருஷம் பாயிலயே கிடந்தாரு. நான்தான் பார்த்தேன். இன்னொரு தடவை என்னால ஆகாதுங்க.

நர்ஸம்மா பச்சையப்பனைத் திட்டவில்லை, போனையும் திட்டவில்லை.

நர்ஸ்: போன் சொன்னதுல தப்பு இல்லண்ணே. 126-க்கு 80 நல்ல அளவுதான். ஆனா அது மாத்திரை போட்டதால வந்த அளவு. நீங்க மாத்திரை சாப்பிடுறதை அதுகிட்ட சொன்னீங்களா?

பச்சையப்பன்: அது கேக்கல, நானும் சொல்லல.

நர்ஸ்: அங்கதான் விஷயம் இருக்குது. நாம சொல்லாதது அதுக்குத் தெரியாது. குடை பிடிச்சிட்டு நடக்கிறோம், நனையல. நனையலையேன்னு நடுமழையில குடையை மடக்கலாமா?

செல்வி போனை எடுத்தாள். நர்ஸம்மா சொல்லச் சொல்ல, முழுக் கேள்வியாக எழுதினாள்: "என் அப்பாவுக்கு 52 வயது. இரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின் 5 சாப்பிட்டார். முன்பு 168/102. மாத்திரை சாப்பிட்டபின் 126/80. மாத்திரையை நிறுத்தலாமா?" இந்தத் தடவை, டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் அழுத்தம் திரும்ப ஏறும் என்று பதில் வந்தது. அதே போன், அதே செயலி. மாறியது கேள்வி ஒன்றுதான்.

கோவிந்தம்மாள் மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து கொட்டினாள். பிரிக்காத அம்லோடிபின் அட்டைகளுக்கு நடுவே வேறோர் அட்டை பாதி காலியாக இருந்தது.

நர்ஸ்: இது என்னண்ணே?

பச்சையப்பன்: முழங்கால் வலிக்குங்க. நாள் முழுக்க நின்னு டீ ஆத்துறேன் இல்ல. மருந்துக்கடையில கேட்டு வாங்கினது. தினம் ஒண்ணு போடுவேன்.

அது டைக்ளோபினாக் என்னும் வலி மாத்திரை. இந்த வகை வலி மாத்திரைகள் இரத்த அழுத்தத்தை ஏற்றும். தொடர்ந்து சாப்பிட்டால் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இதைப் பச்சையப்பன் டாக்டரிடமும் சொல்லவில்லை, போனிடமும் சொல்லவில்லை. டப்பாவைக் கொட்டிப் பார்த்ததால்தான் தெரிந்தது. எந்தச் செயலியும் நம் வீட்டு அலமாரியைத் திறந்து பார்க்காது.

நர்ஸம்மா அன்றைக்கே அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி வைத்தார்.

3. பேசும் செயலி எப்படிப் பதில் சொல்லுகிறது?

இதில் இரண்டு வகை உண்டு.

முதல் வகை, முன்னாலேயே எழுதி வைத்த பதிலை எடுத்துக் கொடுப்பது. '1-ஐ அழுத்துங்கள், 2-ஐ அழுத்துங்கள்' என்று கேட்கும். 2020-இல் கொரோனா வந்தபோது மத்திய அரசும் உலக சுகாதார நிறுவனமும் வாட்ஸ்அப்பில் இத்தகைய தகவல் சேவையைத் தொடங்கின. இந்த வகை எழுதி வைத்ததற்கு மேல் பேசாது.

இரண்டாம் வகை, கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்துப் பழகி, நம் கேள்விக்குப் பொருத்தமாகத் தோன்றும் சொற்களைத் தானே கோர்த்துப் பதில் சொல்லுவது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து இது ஊரெல்லாம் பரவியது. தமிழிலும் பேசும். பெரும்பாலும் சரியாகச் சொல்லும். சில சமயம் தவறாகவும் சொல்லும். சரியானதைச் சொல்லும் அதே தைரியத்தோடு தவறானதையும் சொல்லும். கேட்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

இனிமையாகப் பேசுவதை நாம் எளிதில் நம்பிவிடுகிறோம். இது இன்று நேற்றைய சங்கதி அல்ல. 1966-இல் அமெரிக்காவில் ஜோசப் வைசன்பாம் என்னும் பேராசிரியர் 'எலிசா' என்ற பேசும் நிரலை வெளியிட்டார். நாம் சொன்னதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்பதுதான் அதன் வேலை. அதற்கு ஒன்றும் புரியாது. ஆனாலும் பலர் அதனிடம் மனம்விட்டுப் பேசினார்கள். பேராசிரியரின் செயலாளரே, தனியாகப் பேச வேண்டும் என்று அவரை அறைக்கு வெளியே போகச் சொன்னாராம். அன்பாகப் பேசுவது வேறு, நம் உடம்பை அறிந்து பேசுவது வேறு.

4. எதற்கெல்லாம் உதவும்?

ஒன்று: விளக்கம். டாக்டர் சொன்னது அவசரத்தில் புரியாமல் போயிருக்கலாம். 'மேல் எண், கீழ் எண் என்றால் என்ன?', 'ஒரு வேளை மாத்திரை மறந்துவிட்டால் இரண்டாகச் சேர்த்துப் போடலாமா?' என்று கேட்கலாம். (சேர்த்துப் போடக் கூடாது என்பதே சரியான பதில்.)

இரண்டு: சாப்பாடு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு போதும். அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூனுக்குள், எல்லாப் பண்டங்களிலும் சேர்ந்து. ஊறுகாய், அப்பளம், கருவாடு, வடகம், மிக்சர் இவற்றில் உப்பு அதிகம். உப்பைக் குறைத்துப் புளி, எலுமிச்சை, மிளகு, கொத்தமல்லி சேர்த்து ருசியாகச் சமைக்கும் முறைகளைச் செயலியிடம் கேட்கலாம்.

மூன்று: டாக்டரிடம் கேட்க வேண்டியதைத் தயார் செய்தல். 'நாளைக்கு டாக்டரைப் பார்க்கப் போகிறேன். கால் வீங்குகிறது. என்னென்ன சொல்ல வேண்டும்?' என்று கேட்டால் வரிசையாக எழுதித் தரும். அம்லோடிபின் சாப்பிடும் சிலருக்குக் கணுக்கால் வீங்குவது உண்டு. அதற்காகத் தானே மாத்திரையை விட்டுவிடாமல் டாக்டரிடம் சொன்னால், வேறு மருந்து மாற்றித் தருவார்.

நான்கு: பழக்கத்துக்குத் துணை. நடைப்பயிற்சி, பீடி சிகரெட்டை விடுவது, மதுவை விடுவது இவற்றில் மனம் தளரும்போது, ராத்திரி பத்து மணிக்கும் பொறுமையாகப் பேசும்.

மாத்திரை நேரத்தை நினைவூட்டுவதற்கு மட்டும் செயலியை நம்ப வேண்டாம். எல்லாச் செயலியும் தானாகக் கூப்பிடாது. போனில் உள்ள அலாரத்தை வையுங்கள். அதுபோல அழுத்தக் கணக்கை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். செயலி பழைய கணக்கை மறந்துவிடலாம், நோட்டு மறக்காது. டாக்டரும் அதைத்தான் புரட்டிப் பார்ப்பார்.

5. எதற்கு உதவாது?

அது அழுத்தத்தை அளக்காது. கையில் பட்டை கட்டி அளக்கும் கருவிதான் அளக்கும். அளக்கும் முறையும் முக்கியம். அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே டீ, காப்பி, பீடி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, காலைத் தரையில் ஊன்றி, 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை இருதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு நிமிடம் விட்டு இரண்டு முறை பார்க்க வேண்டும். தவறாக அளந்த எண்ணைக் கொடுத்தால், செயலி அந்தத் தவறான எண்ணுக்குத்தான் பதில் சொல்லும்.

அது மாத்திரையைத் தொடங்கவோ, கூட்டவோ, குறைக்கவோ, நிறுத்தவோ கூடாது. அந்த வேலை டாக்டருடையது.

உப்புக்குப் பதிலாக வேறு பொருள் சொன்னால், விசாரிக்காமல் வாங்கக் கூடாது. 2025-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு செய்தி வந்தது. 60 வயதுள்ள ஒருவர், உப்பில் உள்ள குளோரைடு ஆகாது என்று எண்ணிப் பேசும் செயலியிடம் யோசனை கேட்டார். பிறகு சாப்பாட்டு உப்பை விட்டுவிட்டு சோடியம் புரோமைடு என்னும் ரசாயனத்தை வாங்கி 3 மாதம் உணவில் சேர்த்தார். அது நஞ்சாகி மனம் குழம்பியது. பக்கத்து வீட்டுக்காரர் தனக்கு விஷம் வைக்கிறார் என்று பயந்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். 3 வாரம் அங்கே இருந்துதான் தேறினார். அவர் படிக்காதவர் அல்ல. கல்லூரியில் சத்துணவு படித்தவர்.

கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பிலும் கவனம் வேண்டும். அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரக நோய் உள்ளவர்களும், டெல்மிசார்ட்டான், எனலாப்ரில் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைச் சேர்க்கக் கூடாது.

6. கேட்கும் முறை

கேள்வி கேட்கும்போது ஐந்து விஷயங்களைச் சேர்த்துச் சொல்லுங்கள்: வயது, வேறு நோய் உண்டா (சர்க்கரை, சிறுநீரகம், இருதயம்), சாப்பிடும் எல்லா மாத்திரைகளும், கடையில் வாங்கியது, நாட்டு மருந்து உட்பட, அழுத்தத்தின் எண்களும் அளந்த நாளும், பெண்களானால், கர்ப்பம் உண்டா என்பது.

வாயால் பேசிக் கேட்டால், எண் சரியாகப் பதிந்ததா என்று திரையில் பாருங்கள். படிக்கத் தெரியாதவர்கள் பிள்ளைகளைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆதார் எண், வங்கி விவரம், போனுக்கு வரும் ரகசிய எண் எதையும் செயலியிடம் கொடுக்க வேண்டாம். புதிதாக ஏதாவது செய்யச் சொன்னால், அதை நோட்டில் குறித்துக்கொண்டு நர்ஸிடமோ டாக்டரிடமோ காட்டி, பிறகு செய்யுங்கள். 104 என்ற எண்ணிலும் மருத்துவ ஆலோசனை கேட்கலாம்.

7. கர்ப்பிணித் தாய்மார்களுக்கு

கர்ப்ப காலத்தில் அழுத்தம் ஏறுவது தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து. ஒவ்வொரு பரிசோதனையிலும் அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். கடுமையான தலைவலி, கண் மங்குதல், மேல்வயிற்று வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குதல் இவற்றில் எது வந்தாலும் போனில் கேள்வி கேட்டுக்கொண்டு இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிரசவமான பிறகு சில வாரங்கள் வரையும் இந்தக் கவனம் வேண்டும்.

முன்பே இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடும் பெண்கள், கர்ப்பம் என்று தெரிந்த உடனே, அல்லது கர்ப்பம் தரிக்க நினைக்கும்போதே, டாக்டரிடம் சொல்ல வேண்டும். டெல்மிசார்ட்டான், எனலாப்ரில் போன்றவை கர்ப்பத்தில் ஆகாது. அவர் வேறு மருந்து மாற்றித் தருவார்.

8. போனை எடுத்தால் 108-க்கு மட்டும்

முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை அல்லது கால் விழுந்துபோதல், பேச்சுக் குழறுதல், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், திடீரென்று பார்வை போதல். இவை வந்தால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். செயலியிடம் கேட்க நேரம் இல்லை. 108-ஐக் கூப்பிடுங்கள். இந்த அறிகுறிகள் இல்லாவிட்டாலும், அழுத்தம் 180/120 அல்லது அதற்கு மேல் காட்டினால், சற்று ஓய்வெடுத்து மறுபடி அளங்கள். குறையாவிட்டால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

9. பிறகு என்ன ஆயிற்று?

டாக்டர் அதே மாத்திரையை மறுபடி தொடங்கச் சொன்னார். டைக்ளோபினாக்கை நிறுத்திவிட்டு, முழங்காலுக்குப் பயிற்சியும் வேறு மருந்தும் கொடுத்தார். செல்வி இரவு 8 மணிக்கு அலாரம் வைத்தாள். கோவிந்தம்மாள் மாத்திரை டப்பாவைத் தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் மாற்றி வைத்தாள். ஆறு வாரம் கழித்து நர்ஸம்மா வந்து அளந்தபோது 132/84 இருந்தது.

பச்சையப்பன்: இன்னைக்கு நல்லாயிருக்குதுங்களா, நர்ஸம்மா?

நர்ஸ்: நல்லாயிருக்குதுண்ணே. மாத்திரை?

பச்சையப்பன்: குடையை மடக்க மாட்டேங்க!

நினைவில் கொள்க

• உடம்பு நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் அளந்து பார்க்க வேண்டும்.
• நல்ல எண் வந்தால், மாத்திரை வேலை செய்கிறது என்று பொருள். நோய் போய்விட்டது என்று பொருள் அல்ல.
• பேசும் செயலிக்கு நாம் சொன்னது மட்டுமே தெரியும்.
• செயலியிடம் கேட்டதை நர்ஸிடமும் டாக்டரிடமும் மறைக்க வேண்டாம். கேட்டதற்காக யாரும் கோபிக்க மாட்டார்கள்.
• டாக்டர் சொல்லாமல் மாத்திரையை மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம்.

கலந்து பேச வினாக்கள்

(மகளிர் குழுக் கூட்டத்தில் படித்துக் காட்டி, இவற்றைக் கேட்கவும்.)

1. பச்சையப்பன் முதலில் கேட்ட கேள்வியில் எது குறைவாக இருந்தது?
2. உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவில், டாக்டருக்குத் தெரியாத மாத்திரை ஏதாவது இருக்கிறதா?
3. போனில் என்ன பதில் வந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள் எவை?
4. உங்கள் வீட்டில் 30 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் கடைசியாக எப்போது அழுத்தம் பார்த்தீர்கள்?

நான்காவது கேள்விக்குப் பதில் தெரியாதவர்கள், கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியிலேயே துணை சுகாதார நிலையத்தில் அளந்துகொண்டு போகவும்.